ஊகவில்லைக்குத் தெரியாத கட்டி

காலையில் ஊகவில்லையை அலசிக் கண்ணில் பொருத்திக்கொண்டால்தான் திருச்சியில் யாரும் தெருவில் இறங்கலாம். நிலவரசியும் பொருத்திக்கொண்டாள். கணவன் முகிலனைக் கிளப்பிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். எட்டு மாதத்தில் இது நான்காவது தடவை.

டாக்டர் அதியன் அவளுடைய கோப்பைத் திறந்தார். ‘வீண் பயம் கொண்டவர்’ என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அதன் பிறகுதான் கழுத்தைப் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லையேம்மா.”

“எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கு டாக்டர்! எனக்குத் தெரியுதே!”

“இருக்குன்னு நினைக்கிறீங்க, அதனால உங்க வில்லை காட்டுது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.”

நிலவரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூளைக்கு வேலையைக் குறைக்கிறோம் என்று முப்பது வருடத்துக்கு முன்னால் கொண்டுவந்த சனியன் இது. நாம் எதை எதிர்பார்க்கிறோமோ அதையே வரைந்து காட்டும், மற்றதைத் துடைத்துவிடும். தெருச்சண்டை குறைந்ததாம், ஊரே நிம்மதியாம். இவள் கழுத்தில் வளர்வது மட்டும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

முகிலனைத் திரும்பிப் பார்த்தாள். மூலை நாற்காலியில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். வீட்டிலும் இதே கதைதான், அவள் கட்டி என்று வாயைத் திறந்தால் அவனுக்குக் கொட்டாவி வந்துவிடும். கட்டிய புருஷனே இப்படி என்றால் டாக்டரைச் சொல்லி என்ன?

“வில்லையைக் கழட்டிட்டுப் பாருங்க டாக்டர்.”

“விதி இடம் கொடுக்காதும்மா.”

“விதியாவது மண்ணாங்கட்டியாவது!” டாக்டரின் கையை வெடுக்கென்று பிடித்து இழுத்துத் தன் கழுத்தில் வைத்து அழுத்தினாள். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் ஒழிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அவருடைய விரல்கள் ஒருகணம் அப்படியே நின்றன. பிறகு தானாகவே கட்டியைச் சுற்றி வந்தன.

டாக்டர் தம் வில்லையைக் கழற்றினார். முகம் வெளுத்துவிட்டது. “உடனே ஆபரேஷன் பண்ணணும். காப்பாத்திடலாம், ஆனா இனி ஒருநாள்கூடத் தள்ளக்கூடாது. வில்லையைக் கழட்டுங்க, கட்டி கண்ணைப் பாதிச்சிருக்கான்னும் பார்க்கணும்.”

கழற்றி மேசைமேல் போட்டுவிட்டுக் கணவன் பக்கம் சீறித் திரும்பினாள்.

“இப்பவாவது நம்புறீங்களா?”

நாற்காலியில் இருந்தவன் பாதியாக இளைத்திருந்தான். கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. விம்மல் வெளியே கேட்காதபடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“இருக்கவே கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன், அதான் என் கண்ணுக்குத் தெரியல அரசி. ஆனா நான் எப்ப நம்பலன்னு சொன்னேன்?” என்றான் முகிலன். “நீ சொன்ன நாள்லேருந்து எனக்குத் தூக்கமே இல்லையே.”

எட்டு மாதமாக இந்த மனிதனைத்தான் மூன்று வேளையும் திட்டித் தீர்த்திருக்கிறாள்.