அந்தரத்தில் நின்ற கைகள்

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு றீற்றாவின் விரல்கள் துள்ளத் தொடங்கின. அதன் பிறகு அவற்றை யாராலும் அடக்க முடியவில்லை.

அது 1944ஆம் ஆண்டு. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். படவண்டி ஒன்று ஊர் ஊராகப் போய் யுத்தச் செய்திகளையும் மலேரியாக் காய்ச்சல் பற்றிய படங்களையும் காட்டிக்கொண்டிருந்தது. அன்று அது மட்டக்களப்பு நகரில் றீற்றா படித்த பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தது. மண்டபத்து யன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடினார்கள். பட்டப்பகல் நொடியில் இருட்டாகிவிட்டது.

முதலில் திரையில் கப்பல்கள் போயின. அடுத்ததாக, மலேரியாவைப் பரப்பும் நுளம்பு ஒன்று யானை அளவில் வந்து நின்றது. சின்னப் பிள்ளைகள் வீரிட்டார்கள். மூன்றாவதாகத்தான் அந்தப் படம் வந்தது.

ஒரு பெரிய மனிதர். றீற்றாவின் அப்பாவைப் போல நல்ல கறுப்பு. அமெரிக்காவில் ஏதோ ஒரு தெருவில், எதிர்ப்படும் பிள்ளைகளுக்கெல்லாம் தொப்பியைத் தூக்கிக் காட்டியபடி நடந்து வந்தார். ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். பியானோவின் முன்னால் உட்கார்ந்தார்.

படத்தில் ஒரு குரல் ஆங்கிலத்தில் சொன்னதை, அவர்களுக்குப் படிப்பிக்கும் சிஸ்டர் தமிழில் சொன்னார்.

“இவருக்குப் பேர் ஹோமர் பெல். இவர் வாசிக்கிறது ஜாஸ் எண்ட சங்கீதம். இது கதைப் படம் இல்ல, பிள்ளைகள். உண்மையான மனிசரை இருந்தபடியே எடுத்த படம்.”

“பெல் எண்டா மணிதானே சிஸ்டர்? அப்ப இவர் மணி மாமா!” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. மண்டபமே சிரித்தது.

றீற்றா சிரிக்கவில்லை. மணி மாமா என்ற பெயர் மட்டும் அவள் காதில் ஒட்டிக்கொண்டது.

அவளுடைய பள்ளிக்கூடத்திலும் ஒரு பியானோ இருந்தது. காலை வணக்கப் பாட்டை வாசித்துவிட்டு அதைப் பூட்டிவிடுவார்கள். அந்தப் பாட்டு வரிசை தவறாமல் நடக்கும் பிள்ளைகளைப் போல ஒழுங்காக நடக்கும். மணி மாமாவின் பாட்டு அப்படியா? அது ஓடியது. நொண்டியது. விழப்போய்த் தப்பியது. அவருடைய இடக்கை ஒரு பெரிய ஆளைப் போல ஆடி அசைந்து நடக்க, வலக்கை அதைச் சுற்றிச் சுற்றி ஓடிக் குறும்பு செய்தது. சப்பாத்துக் கால் விடாமல் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

வேகம் ஏறியது, இன்னும் ஏறியது. மணி மாமா சட்டென்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். தூக்கியபடியே வைத்துக்கொண்டு றீற்றாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

படக்!

திரை வெள்ளையாகிவிட்டது. படச்சுருள் அறுந்துவிட்டது.

“அவ்வளவுதான். எல்லாரும் வரிசையா வெளியில போங்க,” என்றார் சிஸ்டர்.

எல்லாரும் போனார்கள். றீற்றா மட்டும் படக்காரரிடம் ஓடினாள். அவர் பெயர் இராசதுரை. காக்கிக் காற்சட்டை போட்டிருந்தார்.

“சேர், கையைத் தூக்கினாரே, மறுகா என்ன செஞ்சார்?”

“யார்?”

“மணி மாமா! இந்தப் படத்தில வாற பியானோக்காரர்!”

இராசதுரை தலையைச் சொறிந்தார். “தெரியாதே, பிள்ளை.”

“நீங்க இந்தப் படத்தை முந்திப் பார்க்கல்லையா?”

“நாற்பது தரம் காட்டியிருப்பன். ஆனா ஒரு நாளும் பார்த்ததில்லை. படம் ஓடேக்க என்ர கண் மிசின்ல எல்லோ இருக்கும்!” அறுந்த சுருளை அவர் பெட்டியில் வைத்தார். “இரவைக்கு ஒட்டி எடுத்தால் நாளைக்குப் பின்னேரம் ஏறாவூரில காட்டுவன். அதோட மட்டக்களப்புப் பக்கம் வேலை முடிஞ்சுது.”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் றீற்றாவின் விரல்கள் வேலிக் கம்புகளில் தட்டிக்கொண்டு போயின. வீட்டில் மேசையில் தட்டின. தண்ணீர்க் குடத்தில் தட்டின.

“என்னகா இது? சோத்துக் கோப்பையிலயும் தட்டுறாய்!” என்று அம்மா அதட்டினார்.

அவள் என்னதான் செய்வாள்? மணி மாமாவின் கைகள் இன்னும் அந்தரத்திலேயே நின்றன. கீழே வந்து இடி போல விழுந்தனவா? ஒருவேளை பியானோ உடைந்து போயிருக்குமோ? எதை நினைத்தாலும் அது சரியில்லை என்று பட்டது.

அவளுடைய அப்பா தோமஸ் வாவியில் பாய்மரத் தோணி ஓட்டுபவர். சனிக்கிழமை காலை ஏறாவூர்க் கடைக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்பதற்கு முன்பே றீற்றா தோணியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“நானும் வாறன் அப்பா. அந்தப் படத்தை ஒருக்காப் பார்த்திட்டா எனக்குக் காணும்.”

“வாறதெண்டா சும்மா இரிக்கோணும். நீ தட்டுற தட்டுக்குத் தேங்காயெல்லாம் தண்ணிக்குள்ள குதிச்சிரும்,” என்றார் அப்பா. “காத்து விழ முதல் நாம திரும்போணும். நான் வந்து கூப்பிட்டா அந்த நிமிசமே எழும்பி வரோணும். சரியா?”

“ஓம் அப்பா.”

தோணி ஆமை போலப் போவதாக றீற்றாவுக்குப் பட்டது. ஏறாவூர்த் துறையில் அது முட்டியதும் குதித்து ஓடினாள்.

பாடசாலை மண்டபம் ஏற்கனவே நிறைந்திருந்தது. ஒரு பக்கம் பெண் பிள்ளைகள், மறுபக்கம் பையன்கள், பின்னால் பெரியவர்கள். இராசதுரை மிசினுக்குப் பக்கத்தில் தலையில் கை வைத்தபடி குந்தியிருந்தார்.

“சேர், ஒட்டிட்டீங்களா?”

“அட, நீயா? ஒட்டியாச்சு. ஆனா வாற வழியில வண்டி ஒரு றோட்டுக் கிடங்கில விழுந்திட்டுது. சத்தம் எடுக்கிற பல்ப் உடைஞ்சு போச்சு. படம் வரும், சத்தம் வராது.” அவர் பெருமூச்சு விட்டார். “கப்பலையும் நுளம்பையும் காட்டிட்டு முடிக்கப்போறன். சத்தம் இல்லாத பியானோவை ஆர் பார்ப்பினம்?”

“நான் பார்ப்பன்!”

இராசதுரை அவளைப் பார்த்தார். அவளுடைய விரல்கள் படப்பெட்டியின் விளிம்பில் தாமாகவே தட்டிக்கொண்டிருந்தன. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி. உனக்காகப் போடுறன். அந்தப் பாயில போய் இரு.”

றீற்றா முன்வரிசைப் பாயில், தன் வயதுப் பெண் ஒருத்திக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நீ ஆரு? இந்த ஊர்ப் புள்ள இல்லையே?” என்று அவள் கேட்டாள். அவள் பெயர் ஸைனம்பு. அவளுடைய வாப்பா தறி நெய்பவராம்.

படம் தொடங்கியது. கப்பல்கள் சத்தமில்லாமல் போயின. பீரங்கிகள் சத்தமில்லாமல் வெடித்தன. சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. நுளம்பு வந்தபோது பையன்கள் “ங்ங்ங்” என்று தாங்களே சத்தம் போட்டார்கள்.

பிறகு மணி மாமா வந்தார். தொப்பியைத் தூக்கினார், உட்கார்ந்தார், வாசித்தார். ஒரு சத்தமும் இல்லை. அவர் வாய் திறந்து பாடினார். அதுவும் கேட்கவில்லை.

“மீன் வாயைத் திறக்கிற மாதிரி இரிக்கி!” என்றான் ஒரு பையன். மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

“படத்தை நிப்பாட்டுங்க!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

றீற்றாவுக்கு முகம் சுட்டது. இத்தனை பேர் முன்னால் மணி மாமா வேர்க்க வேர்க்க வாசிக்கிறார். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்களே! அவர் எப்படி வாசிப்பார் என்று இந்த மண்டபத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் எழுந்தாள். படச்சுருள் வந்த வெறும் மரப்பெட்டி ஒன்று திரையருகே கிடந்தது. அதன் முன்னால் மண்டியிட்டுத் தட்டத் தொடங்கினாள்.

டக்கு டக, டக்கு டக.

அது பிசகியது. திரையில் கை ஒரு பக்கம் போக, அவளுடைய தட்டு வேறு பக்கம் போனது. இப்போது அவளையும் பார்த்துச் சிரித்தார்கள். ஓடிவிடலாமா?

அப்போதுதான் மணி மாமாவின் சப்பாத்துக் கால் திரையில் வந்தது. கைகள்தான் குறும்பு செய்கின்றன. கால் பொய் சொல்லாது! றீற்றா கைகளை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தாள். கால் தரையில் பட்டபோதெல்லாம் பெட்டியில் தட்டினாள்.

டக்கு டக, டக்கு டக, டக்கு டக.

“அட! எங்கட வாப்பாட தறிச் சத்தம் மாதிரி இரிக்கி!” என்று கூவினாள் ஸைனம்பு. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதைப் பிடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? தொடையில் தட்டியபடி சேர்ந்துகொண்டாள். அவளுக்குப் பக்கத்துப் பிள்ளை சேர்ந்தாள். பாய் முழுவதும் சேர்ந்தது. ‘மீன்’ என்று சொன்ன பையன் சற்று நேரம் முழித்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் தான் இருந்த வாங்கில் தட்டினான். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.

மண்டபம் அதிர்ந்தது. திரையில் மணி மாமா சிரித்தார். இந்தத் தட்டுக்காகத்தான் வாசிக்கிறார் போலிருந்தது.

வேகம் ஏறியது. இன்னும் ஏறியது. மணி மாமா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

றீற்றாவும் தூக்கினாள். அவளைப் பார்த்து எல்லாரும் தூக்கினார்கள். ஒரே அமைதி. முந்நூறு பேரின் கைகளும் அந்தரத்தில் நின்றன. மணி மாமா கண்ணைச் சிமிட்டினார்.

ஒட்டிய இடத்தில் திரை ஒரு துள்ளுத் துள்ளியது. றீற்றா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். படம் அறுந்துபோகவில்லை.

மணி மாமா இடக்கையை இறக்கி மடியில் வைத்தார். வலக்கையை மெல்ல மெல்லக் கீழே கொண்டு வந்தார். இடியுமில்லை, முழக்கமுமில்லை. சின்ன விரலால் ஒரே ஒரு கட்டையை, தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போலத் தொட்டார். தொட்டுவிட்டு, ‘என்ன, ஏமாந்தீர்களா?’ என்பது போலத் தோளைக் குலுக்கினார்.

மண்டபம் குபீரென்று சிரித்தது. இந்த முறை அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவரோடு சேர்ந்து சிரித்தது. றீற்றா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அது என்ன சத்தம் போட்டிரிக்கும்?” என்று கேட்டாள் ஸைனம்பு. “டிங் எண்டா?”

“டொங் எண்டு,” என்றான் அந்தப் பையன்.

“போடா! அந்தச் சின்ன விரலுக்கு டொங் வருமா?”

பாயில் பெரிய சண்டையே தொடங்கிவிட்டது. இராசதுரை மிசினை மறந்து திரையைப் பார்த்தபடி நின்றார். நாற்பத்தோராவது தரம் காட்டியபோதுதான் அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்.

“மறுகாவும் போடுங்க சேர்! மறுகாவும்!” என்று மண்டபம் கத்தியது. அவர் சிரித்துக்கொண்டே சுருளைத் திருப்பிச் சுற்றத் தொடங்கினார்.

“றீற்றா!”

வாசலில் அப்பா நின்றார். “தேங்காய் இறக்கியாச்சு. காத்து விழப்போகுது. வா புள்ள.”

றீற்றா சொன்ன சொல்லை மீறவில்லை. அந்த நிமிடமே எழுந்து அப்பாவிடம் போனாள். ஆனால் போகும்போதே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, போகாதீங்க! நீங்க இல்லாட்டித் தட்டுப் பிழைச்சிரும்!” என்றது ஒரு சின்னக் குரல். ஸைனம்பு அவளுடைய இடத்தில் யாரும் உட்காராமல் கையால் மறித்துக்கொண்டிருந்தாள்.

தோமஸ் மகளைப் பார்த்தார். மண்டபத்தைப் பார்த்தார். வெளியே வாவிப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து, பெரியவர்களின் வரிசையில் இடம் பிடித்துச் சம்மணம் கட்டி உட்கார்ந்தார்.

“காத்து விழுந்தா விழட்டும். நான் கம்பு ஊண்டித் தோணியத் தள்ளிக்கிறன்,” என்றார் அவர். “எப்ப தட்டோணும் எண்டு மட்டும் முந்தியே சொல்லிரு.”