அஜ்மானில் முளைத்த புளியாரை

அரிசி மூட்டையைத் தள்ளிவிட்டு, அதன் அடியில் அழுத்தி வைத்திருந்த தாளைத் தாரிணி பிரித்தாள். உள்ளே வைத்த செடி கறுத்து, பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

"ஐயே, அழுகின கீரை நாத்தம்!" அம்மா சங்கீதா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

தாரிணிக்கு அழுகை முட்டியது. அடுத்த வாரம் பள்ளியில் கண்காட்சி. அந்தக் காலத்தில் கப்பலேறி நாடு நாடாகப் போய்ச் செடி சேகரித்தவர்களைப் பற்றி டீச்சர் சொல்லியிருந்தார். தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைப்பார்களாம். அதுபோல ஆளுக்கொரு செடி கொண்டுபோக வேண்டும்.

வளைகுடாவில், அஜ்மான் நகரில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் பின்சுவர் ஓரம், ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில், இரண்டு புளியாரைச் செடிகள் முளைத்திருந்தன. மஞ்சள் பூ வேறு. இந்த மணலுக்கு அவை எப்படி வந்தனவோ! அவற்றில் ஒன்றைத்தான் இப்படிப் பாழாக்கிவிட்டாள்.

"கப்பல்ல போனவங்களுக்கு மட்டும் எப்படிம்மா அழுகல?"

"என்னைக் கேட்டா? நானா அவங்ககூடப் போனேன்?"

தாரிணி அந்தத் தாளைத் தடவிப் பார்த்தாள். கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிற சூப்பர் மார்க்கெட் ஆஃபர் தாள். வழவழவென்று இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். அப்படியே உருண்டு நின்றது. டிஷ்யூவில் விட்டாள். உறிஞ்சிக்கொண்டது.

"அம்மா, இந்தத் தாள் தண்ணியைக் குடிக்கவே இல்ல! அதான் அழுகிடுச்சு!"

மிச்சமிருந்த செடியை எடுக்கக் கீழே ஓடினாள். வாட்ச்மேன் செய்கு அலாவுதீன் மண்வெட்டியை ஓங்கியபடி அதன் முன்னால் நின்றிருந்தார்.

"அங்கிள், வெட்டாதீங்க!"

"ஓனர் வர்றாரு பாப்பா. புல்லு பூண்டு இருந்தா எனக்குத்தான் ஏச்சு."

தாரிணி மண்வெட்டிக்கும் செடிக்கும் நடுவே போய் நின்றாள்.

"எடுக்கத்தானே போறீங்க? வேரோட எடுத்து எனக்குத் தாங்க. உங்க இடமும் சுத்தம், எனக்கும் செடி."

"நீ வக்கீலுக்குப் படி!" சிரித்தபடி மண்வெட்டியைக் கீழே போட்டார். குந்தி உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கிளறிக் கிளறிச் செடியை எடுத்தார்.

தாரிணி செடியை டிஷ்யூக்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, தினமும் புது டிஷ்யூ மாற்றினாள். அப்பா ஜெயசீலன் தும்மும்போதெல்லாம் காலி டிஷ்யூப் பெட்டியைத் துழாவினார்.

"சளி எனக்கா, செடிக்கா?"

கண்காட்சி முடிந்த அன்று தாரிணி வாட்ச்மேனிடம் போனில் படத்தைக் காட்டினாள். வெள்ளை அட்டையில் புளியாரை பச்சை மாறாமல் ஒட்டியிருந்தது. கீழே இரண்டு பெயர்கள்.

"சேகரித்தவர்கள்: தாரிணி, செய்கு அலாவுதீன்" என்று அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "வாட்ச்மேன்னு போடலையா பாப்பா?"

"எடுத்தவங்க பேரு போட்டாப் போதும், அங்கிள்."

அவர் போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கினார். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஒரு வேர்கூட அறுபடல, பாரு!" என்றார்.