ஆள் வருது

அந்த விடுதியின் மாடிப்படி ஏறும்போதே நர்ஸுக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. பழைய கட்டடம்தான். கைப்பிடியைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. சுவரில் யாரோ தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய்க் கறை படிந்திருந்தது. இருந்தாலும் என்ன? அறைக் கதவைத் திறந்தால் உள்ளே மாமியார் இல்லை, மாமனாரின் இருமல் இல்லை, ஓரகத்தியின் பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப் போகிறது. அவளும் அவனும் மட்டும் தனியாக இருக்கப் போவது இதுதான் முதல் தடவை. வீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் டீ குடிக்க வேண்டுமென்றால்கூட யாரையாவது தள்ளி உட்காரச் சொல்ல வேண்டும்.

"சிஸ்டர், யாருமே இல்ல பாரேன்," என்றான் அவன், கட்டிலில் தொப்பென்று விழுந்து.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, கேலிக்கு அவனும் ஆரம்பித்த பழக்கம் அது. கட்டின பெண்டாட்டியை சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஆண்பிள்ளை உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான் என்று அவள் திட்டுவாள். ஆனால் அவன் ஒரு நாள் கூப்பிடாவிட்டால் என்னவோ குறைந்த மாதிரி இருக்கும்.

அவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். அந்தக் கடைக்குப் போகிற பஸ்ஸில் கூட்டம் பிதுங்கும். அதனால் இடம் பிடிப்பதில் அவன் கைதேர்ந்தவன். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகக் கைக்குட்டை பறந்து போய் சீட்டில் விழும். யார் வந்து கேட்டாலும் சட்டென்று ஒரே பதில்தான்: "ஆள் வருது." அவளைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட, தன் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்துத்தான் அவள் சம்மதம் சொன்னாள்.

கீழே வரவேற்பறைச் சுவரில் ஒரு பலகை. ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்களின் புகைப்படங்களை அதில் குத்தி வைத்திருந்தார்கள். மேனேஜர் தீக்குச்சியால் பல்லைக் குத்தி, குத்தியதைப் பார்த்து, பிறகு அதே குச்சியால் படங்களைக் காட்டினார்.

"இது கோட்டை. இது பூங்கா, மலை மேல. இது ஏரி, படகு உண்டு. அணை கட்டினப்போ ஒரு ஊரே உள்ள போயிடுச்சு. தண்ணி வத்தினா கூரை தெரியும். எங்க போறீங்க?"

"ஏரி," என்றான் அவன்.

"பூங்கா," என்றாள் அவள்.

இருப்பதே கொஞ்ச நாள். அதைச் சண்டையில் கழிப்பானேன்? இன்று அவன் கேட்ட இடம், நாளை அவள் கேட்ட இடம் என்று முடிவாயிற்று. அவள் விட்டுக்கொடுத்தாள். அப்புறம் எத்தனையோ தரம் அதை நினைத்து நொந்துகொண்டாள்.

ஏரி பார்க்க அழகாகத்தான் இருந்தது. காற்றுதான் சரியில்லை. பூச்சாடியில் பல நாள் மாற்றாத தண்ணீரின் வாடை அதில் இருந்தது. படகுத்துறைக் கழிப்பறையோ அதற்கும் மேல். தரையெல்லாம் ஈரம், அடைத்துப்போன துவாரத்தைச் சுற்றி முடிச்சு முடிச்சாகத் தலைமுடி. சீழும் ரத்தமும் பார்த்துப் பழகிய அவளுக்கே குமட்டியது. நுனிக்காலில் நின்று வேலையை முடித்துக்கொண்டு திரும்பினால் தாழ்ப்பாள் அசைய மறுத்தது. தட்டி, கத்தி, ஒருவழியாக யாரோ வெளியிலிருந்து தள்ளித் திறப்பதற்குள், இடம் பிடிக்க முன்னாலேயே ஏறியிருந்த அவனோடு படகு கரையை விட்டுப் போய்விட்டது.

தூரத்தில் அவன் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினான். படகைத் திருப்பச் சொல்லிக் கெஞ்சுகிறான் என்று தெரிந்தது. படகு திரும்பவில்லை. அவன் உட்கார்ந்தான். அவன் பக்கத்து இருக்கையில் வெள்ளையாக ஒன்று கிடந்தது.

கைக்குட்டை.

கரையில் நின்றிருந்த இன்னொரு படகுக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரராம்மா? கல்லை எடுத்துட்டாரே."

"எந்தக் கல்லு?"

"ஆள் இல்லாத இடத்துல நாங்க ஒரு கல்லு வச்சுடுவோம். இந்தத் தண்ணியில காலி இடம்னு ஒண்ணு இருக்கக் கூடாது. அவர் கல்லைக் கீழ வச்சுட்டு உங்களுக்கு இடம் போட்டிருக்கார். யாராவது கேட்டிருப்பாங்க. ஆள் வருதுன்னு சொல்லியிருப்பார்."

"சொல்லுவார். அதனால என்ன?"

அவர் தண்ணீரில் காறித் துப்பினார். "வந்ததும் நீங்க போய் உங்க இடத்துல உக்காந்துடுங்கம்மா. எப்படி இருந்தாலும் உக்காந்துடுங்க. அருவருப்பு பாக்காதீங்க."

இந்த ஆளுக்கு என்ன பைத்தியமா என்றுதான் அவள் நினைத்தாள்.

படகு ஏரியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. இப்போது அவன் பக்கத்து இருக்கை காலியாக இல்லை. குனிந்த தலை. முகத்தை மூடித் தொங்கும் கூந்தல். முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். அவன் மட்டும் அந்தப் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

படகு கரையைத் தொட்டபோது அவன் தனியாகத்தான் இறங்கினான்.

"சூப்பரா இருந்துச்சு சிஸ்டர். நீதான் வாயே தொறக்கல."

"நானா? நான் கரையில நின்னுட்டிருந்தேங்க."

அவன் சிரிக்கப் போய், பாதியில் நிறுத்திவிட்டு அவளை உற்றுப் பார்த்தான். பிறகு தலையை உதறிக்கொண்டான். கையில் இருந்த கைக்குட்டை பச்சையும் கறுப்புமாக, கோழை படிந்து தொங்கியது. அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கும் சேர்த்து இடம் பிடித்திருந்தான். அவள் உட்கார்ந்த மறுகணம் பின்புறம் முழுக்கச் சில்லென்று நனைந்தது. சீட்டின் பஞ்சுக்குள்ளிருந்து கொழகொழவென்று ஏதோ கசிந்து தொடையில் வழிந்தது. விரலில் தொட்டுப் பார்த்தாள். நீளமான முடி ஒன்று இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"சீ!"

துள்ளி எழுந்து, பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். வழியெல்லாம் கையைத் துணியில் தேய்த்துக்கொண்டே வந்தாள். அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அறையில், கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் மட்டும் ஊறிப் போயிருந்தது. தலையணையைப் புரட்டினால் அடியில் சேறு. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் மோந்து பார்த்து, வாந்தி வருவது போல முகத்தைத் திருப்பி, "கூரை ஒழுகுது போல," என்றார். மழையே பெய்யவில்லை. மெத்தையை மாற்றினார்கள். மாற்றிய மெத்தையும் விளக்கு வைப்பதற்குள் நனைந்துவிட்டது. அவன் தன் பக்கத்தில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டு, நனைந்த பக்கத்தைக் கையால் வருடிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அங்க என்னங்க தடவுறீங்க?"

"உனக்குக் குளிருது போல. நடுங்குற."

அவள் அறையின் மூலையில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கட்டிலில் போய்ப் படுக்க அவளால் முடியவில்லை. குடலைப் பிடுங்குகிற அந்த வாடையில் மூச்சுவிடவே முடியவில்லை. நாற்காலியிலேயே சுருண்டுகொண்டாள்.

காலையில் பலகை முன்னால் நின்றபோது அவன் விரல் மறுபடியும் ஏரிப் படத்தின் மேல் போய் நின்றது.

"இன்னிக்கு என் முறை," என்றாள் அவள். "பூங்கா."

"அவளுக்கு அங்க..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "சரி. பூங்கா."

மலை மேல் வெயில் அடித்தது. பூக்கள் பூத்துக் குலுங்கின. ஆனால் அவை எதிலும் வாசனை இல்லை. இருந்ததெல்லாம் அந்த ஒரே வாடைதான். பெஞ்சில் அவன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் நெருங்கி உட்காரப் போனபோது பெஞ்சின் நடுப்பகுதி மட்டும் ஈரமாக மினுங்கியது. அவள் மறு ஓரத்துக்கு நகர்ந்தாள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது.

அவன் ஆரஞ்சு உரித்தான். ஒரு சுளையைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அடுத்ததை நடுவில் வைத்தான். அவளுக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினாள். தொடுவதற்குள் சுளை சுருங்கியது. உள்ளிருப்பதை எல்லாம் யாரோ உறிஞ்சிவிட்ட மாதிரி வெறும் தோல் மிஞ்சியது. அதன் மேல் எச்சில் நூல் நூலாகப் படிந்திருந்தது. அவன் அந்தத் தோலை எடுத்தான். ஆசையாகப் பார்த்தான். தன் வாயில் போட்டுக்கொண்டான்.

அவள் செடி ஓரமாக ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். காய்ச்சல் என்று அவள் படுத்தால் ராத்திரியெல்லாம் விழித்திருந்து தலையைப் பிடித்துவிடுகிற மனுஷன். இன்று எழுந்துகூட வரவில்லை.

"யாரோ ஒரு அம்மாவுக்கு உடம்பு சரியில்ல போல," என்று அவன் மெல்லச் சொன்னது காதில் விழுந்தது.

அவளைத்தான் சொன்னான் அவன். ஆனால் அவளிடம் சொல்லவில்லை.

அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரு வருஷமாக இந்த நாலு நாளைத்தானே எண்ணிக்கொண்டிருந்தாள்? இனி கோட்டையும் வேண்டாம், எந்தப் படமும் வேண்டாம். இருமலும் சத்தமுமாக இருக்கிற அந்த வீட்டுக்கே இவனை இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அவன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் எறிந்தாள். விடுதிக்குத் திரும்பிப் பெட்டியைக் கட்டினாள். அவன் ஒன்றும் மறுக்கவில்லை. கூப்பிட்ட இடத்துக்கு வந்தான். எதைக் கேட்டாலும் "சரிங்க" என்றான்.

இத்தனை நாளில் அவன் அவளிடம் "ங்க" போட்டதே கிடையாது.

ரயில் நிலையத்தில் பகல் வெளிச்சம், கூட்டம், இரைச்சல். இந்த இரைச்சலில் எந்தப் பேய் என்ன செய்துவிடும் என்று அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். வாங்கித் திரும்பியபோது அவனைக் காணவில்லை. நின்றிருந்த ரயிலில் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினாள்.

ஒரு பெட்டியில் அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே ஏறினாள். எதிரில் ஒரு பருமனான பெண்மணி முகத்துக்கு நேராகப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்து இடத்தில் கைக்குட்டை கிடந்தது.

அவள் எறிந்த அதே கைக்குட்டை.

"அங்க உக்காராதம்மா," என்றாள் பெண்மணி. "இவர் சம்சாரத்தோட இடம். இப்பதான் எழுந்து அந்தப் பக்கம் போனாங்க. பாவம், தலையெல்லாம் ஒரே ஈரம்."

"நான்தாங்க இவர் சம்சாரம்!"

பெண்மணி அவனைப் பார்த்தாள். அவன் நர்ஸை ஏறிட்டுப் பார்த்தான். முன்பின் தெரியாதவளைப் பார்க்கிற, மரியாதையான பார்வை.

"ஆள் வருதுங்க," என்றான்.

சீட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பஞ்சுக்குள் என்னவோ நெளிந்தது. பெட்டியின் கோடியிலிருந்து சளக், சளக் என்று வெறுங்கால் நடந்து வரும் ஓசை கேட்டது. அந்த நாற்றம் அவளை வந்து அடைந்தது. கால்கள் தாமாகவே ஓர் அடி பின்வாங்கின.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பஸ்ஸில் எழுந்து போனவள் யார்? கட்டிலை விட்டு நாற்காலிக்குப் போனவள் யார்? பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து நடுவில் இடம் விட்டவள் யார்? அது எங்கேயும் அவளைப் பிடித்துத் தள்ளவே இல்லை. ஒவ்வொரு தடவையும் சீ என்று சொல்லிவிட்டு அவளாகத்தான் எழுந்து போனாள்.

சளக்.

முதுகுக்குப் பின்னால்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, கைக்குட்டையின் மேல், அந்தச் சகதியின் மேல், அழுத்தமாக உட்கார்ந்தாள்.

சில்லிப்பு இடுப்பு வரை ஏறியது. துணிக்குள் கொழகொழவென்று புகுந்து ஓடியது. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அவன் கையை இழுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவே இல்லை.

ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. அவனும் குலுங்கி நிமிர்ந்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"எங்க போயிட்ட சிஸ்டர், இவ்வளவு நேரம்?"

அவளுக்கு உடம்பெல்லாம் விம்மியது. அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இங்கதாங்க இருக்கேன், இங்கதான் இருக்கேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். அவன் சட்டையில் பழைய சோப்பு வாசனை வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான், தான் உட்கார்ந்திருக்கும் இடம் சமமாக இல்லை என்பதை உணர்ந்தாள்.

தொடைகளுக்கு அடியில் இரண்டு முழங்கால்கள் இருந்தன.

குளிர்ந்த கைகள் பின்னாலிருந்து வந்து, குழந்தையை மடியில் பிடித்துக்கொள்வது போல அவள் வயிற்றைச் சுற்றிக் கோத்துக்கொண்டன. நனைந்த தலை ஒன்று அவள் முதுகில் சாய்ந்தது. அவள் அசையவில்லை. அசைந்தால் இடம் போய்விடும்.

எதிர் சீட்டுப் பெண்மணி பத்திரிகையால் மூக்கை மூடிக்கொண்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தாள்.

"அக்கா தங்கச்சியாம்மா?" என்று கேட்டாள்.