பட்டை இல்லாத நகல்

மூச்சை அடக்கிய பிறகும் தலைக்கவசத்துக்குள் மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

இரும்பில் பட்டுத் திரும்பும் எதிரொலியாக இருக்கும் என்று கொல்லன் போகுமில் நினைத்தான். பட்டறைச் சன்னலில் மதிய வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. கவசத்துக்குள்ளேயோ எண்ணெயும் புது இரும்பும் வியர்வையும் கலந்த நெடியோடு இருட்டு. நிமிர்ந்து நின்றால் கண்ணெதிரே இருந்த நீண்ட பிளவில் கூரை மட்டுமே தெரிந்தது. குதிரைமேல் முன்குனிந்து ஈட்டியோடு பாய்கிறவனுக்கான வடிவம் அது. மார்புக் கவசத்தோடு முன்னும் பின்னும் திருகி முடுக்கிவிட்டால், போட்டவனே கழற்ற முடியாது.

"எவெலினா, திருகைக் கழட்டு."

"சூப் பொங்குது, இரு." சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள். "மாவீரருக்கு அதுக்குள்ள மூச்சு முட்டுதா?"

முட்டத்தான் செய்தது. கோட்டை அருங்காட்சியகத்தில் இருந்த பழைய கவசத்தின் நகல் இது. நெளிவு, கீறல், ஆணித் தழும்பு, எதையும் விடாமல் எடுத்திருந்தான். ஒன்றைத் தவிர. அந்தக் காலத்தில் யாரோ பார்வைப் பிளவின் குறுக்கே இரும்புப் பட்டை வைத்து அறைந்து மூடியிருந்தார்கள். வாங்குகிறவனுக்குக் கண் தெரிய வேண்டுமே என்று அதை மட்டும் விட்டுவிட்டான்.

கண்ணை மறைத்துக்கொண்டு எவன் சண்டைக்குப் போவான்? இந்தக் கேள்வி இப்போதுதான் எழுந்தது.

அந்த மூச்சு காதோரத்திலிருந்து நகர்ந்தது. கன்னத்துக்கு. உதட்டுக்கு. பிறகு அவன் இழுக்காமலே அவன் நெஞ்சு ஏறி இறங்கியது.

கத்தினான். குரல் எழவில்லை.

காலடிச் சத்தம். முதுகுத் திருகு கிரீச்சிட்டது. பிறகு முன்பக்கத் திருகு. தலைக்கவசம் மேலெழுந்தது.

இருட்டு விலகவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் இறுக்கம்." அவனுடைய குரல்தான். வெளியிலிருந்து வந்தது.

கவசம் மேசையில் சாய்ந்தது. பிளவு வழியே எவெலினா தெரிந்தாள். ஒரு முகத்தின் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் முகம்.

"பசிக்குது," என்றது அது. "ரொம்ப நாளா."

"காலைலதான் அரை ரொட்டியத் தின்ன, தடியா!" எவெலினா சிரித்தாள். "போய் உக்காரு. வேர்வை பட்டா துரு ஏறிடும், துடைச்சு, உள்ள எண்ணெய்த் துணி அடைச்சு வச்சிட்டு வரேன்."

அது சூப்பின் வாசனையை நோக்கி நடந்தது. வாசலில் நின்று, ஒருமுறை திரும்பிப் பிளவைப் பார்த்தது.

எவெலினா கவசத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி எண்ணெய்த் துணியைச் சுருட்டி, அவனுக்கு வாய் இருந்த இடத்தில் திணிக்கத் தொடங்கினாள்.