எது முன்பக்கம்?

சில்வண்டின் அம்மாவுக்கு இரண்டு வேலை. கடையில் இருந்தபடி அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது ஒன்று. ஊர் நடுவில் செங்குத்தாக நிற்கும் கருங்கல் பாறையைப் படம் எடுப்பது இன்னொன்று.

"நான் எடுத்ததுலேயே கண்ணைச் சிமிட்டாத ஒரே ஆளு இதுதான்" என்று அம்மா பாறையைக் காட்டிச் சொல்வார்.

பேர்போன பாறை அது. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். அவர்களுக்காக அம்மா முதன்முறையாக ஒரு நாட்காட்டி போடுகிறார். மாதத்துக்கு ஒரு படம். மழையில் பாறை பளபளத்ததை எடுத்தாயிற்று. கோடையில் வெளுத்துப்போய் நின்றதையும் எடுத்தாயிற்று. பேருந்து நிலையம், பாலம், பள்ளிக்கூட மாடி என்று இடம் மாற்றி மாற்றிப் பதினொரு படங்கள் சேர்ந்துவிட்டன. பனிக்காலப் படம் மட்டும் பாக்கி.

படங்களுக்குப் பெயர் எழுதுவது சில்வண்டின் பொறுப்பு. ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். ஆனால் பேனாவைப் பிடித்தால் மகா கஞ்சம். 'முன்பக்கம், மழை', 'முன்பக்கம், கோடை' என்று எழுதிக்கொண்டே போனாள். பாறைக்கு அந்தப் புறத்துத் தெருவில் எடுத்த படத்துக்கு 'பின்பக்கம், காற்று' என்று எழுதினாள்.

அந்தத் தெருவில்தான் அவள் தோழி ஒட்டகச்சிவிங்கியின் வீடு. வகுப்பிலேயே அவள்தான் உயரம். அன்று மாலை கடைக்கு வந்தவள், மேசையில் பரப்பியிருந்த படங்களைப் பார்த்தாள்.

"என்னடி இது, பின்பக்கம்?"

"உங்க தெருவுல எடுத்ததுடி. நல்லா இருக்குல்ல?"

"அப்ப நாங்கல்லாம் பாறைக்குப் பின்னாடி இருக்கோமா?"

"ஆமா, பின்னே?"

ஒட்டகச்சிவிங்கியின் முகம் சுண்டிவிட்டது.

"நாளைக்கு எங்க மொட்டைமாடிக்கு யாரும் வர வேணாம். பின்பக்கத்துல வந்து என்ன எடுக்கப்போறீங்க?" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

சில்வண்டுக்குத் திக்கென்றது. காலையில் பனி அந்தப் புறம்தான் பாறையின் இடுப்புவரை ஏறும். அந்த மொட்டைமாடியிலிருந்துதான் அது முழுசாகத் தெரியும். நாளைப் பகலுக்குள் பன்னிரண்டு படங்களும் அச்சகத்தில் இருக்க வேண்டும்.

அம்மா பெருமூச்சு விட்டார். "நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்வாங்க. நீ பேனாவால கெட்டுட்டே."

"தப்பா ஒண்ணும் எழுதலையேம்மா. பின்பக்கம் பின்பக்கம்தானே?"

"அதை அவகிட்டயே போய்க் கேளு. அவங்க கூப்பிடாம நான் மாடி ஏற மாட்டேன்."

சில்வண்டுக்கு அழுகை வந்தது. அம்மாவின் ஒரு வருட உழைப்பு ஒரு பக்கம். அதைவிட, தோழி திரும்பிப் பார்க்காமல் போனதுதான் அதிகம் வலித்தது.

விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். அம்மா கேமராவோடு தெருமுனையில் நின்றுகொண்டார். ஒட்டகச்சிவிங்கியின் அப்பா வீட்டு வாசலிலேயே சைக்கிள் கடை வைத்திருந்தார்.

"வா சில்வண்டு. என்ன, ரெண்டு பேருக்கும் காத்து இறங்கிப்போச்சா?" என்று சிரித்தார். "மேலதான் இருக்கா, போ."

மாடியில் ஒட்டகச்சிவிங்கி வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு நின்றாள். எதிரே பாறை பனிக்குள் இடுப்பளவு மூழ்கி நின்றது. சில்வண்டு வாயைப் பிளந்தாள். பிறகு வழக்கம்போல அவள் கண்கள் தன் கடையைத் தேடின. காணோம்.

சண்டையை மறந்து, "எங்க கடை எங்கடி?" என்று கேட்டாள்.

"அதுவா? பாறைக்குப் பின்னாடி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயையோ! நானும் பின்பக்கமா!" என்று சில்வண்டு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஒட்டகச்சிவிங்கிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சட்டையெல்லாம் பற்பசை நுரை.

"நான் யோசிக்காம எழுதிட்டேன்டி. உனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்" என்றாள் சில்வண்டு.

"இருந்துச்சு. சாயங்காலம் பூரா உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன்" என்றாள் ஒட்டகச்சிவிங்கி. உடனே கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் கத்தினாள். "அத்தை! சீக்கிரம் வாங்க! பனி கலையப்போகுது!"

அம்மா இரண்டிரண்டு படிகளாக ஏறி வந்தார்.

படம் எடுத்து முடித்ததும் தோழிகள் சைக்கிள் கடையில் உட்கார்ந்து எல்லாப் பெயர்களையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். 'பேருந்து ஓட்டுநர் பார்க்கும் பாறை.' 'பாலத்தில் மீன் விற்பவர் பார்க்கும் பாறை.' 'கடைசி பெஞ்சுக்குத் தெரியும் பாறை.' பன்னிரண்டாவது படத்துக்கு ஒட்டகச்சிவிங்கி தன் கையாலேயே எழுதினாள்: 'நான் பல் தேய்க்கும்போது பார்க்கும் பாறை.'

பகலுக்குள் படங்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அச்சக மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"எல்லாம் பிரமாதம். ஆனா மேலட்டையில பாறையோட முன்பக்கம் வந்தாத்தான் எடுப்பா இருக்கும். இதுல எதும்மா முன்பக்கம்?"

தோழிகள் இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்:

"உங்க வீடு எந்தப் பக்கம் மாமா?"