இரண்டாவது கோடு

அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்தபோது கணவன் மனைவி இருவருக்கும் பிடிக்காமல் போனது பின்னறை மட்டும்தான். எத்தனை முறை கழுவிவிட்டாலும் அங்கே பழைய மருந்து வாடை போகவில்லை. முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டால் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஆனால் தெருச் சத்தம் எட்டாத அறை அது ஒன்றே. தொட்டிலை அங்கேதான் போட்டார்கள்.

குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை. தூக்கத்தில் சில சமயம் மூச்சு நின்றுவிடும். பெற்றவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது திரும்ப வரும். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அச்சக வேலையை விட்டுவிட்டுப் பகலெல்லாம் குழந்தையோடு இருந்தவன் அவன்தான்.

பல்பு மாற்றவே மனைவியைக் கூப்பிடுகிறவன், சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு வாங்கி ஒரு திரையோடு இணைத்தான். மெத்தைக்கடியில், மூச்சின் அசைவைப் பிடிக்கும் சென்சார் பட்டையை வைத்தான். யாரோ இணையத்தில் போட்டிருந்த புரோகிராமை அப்படியே நகலெடுத்தான். சென்சார் மாட்ட போர்டில் இரண்டு பின்கள் இருந்தன. ஒன்றில் மாட்டிவிட்டு மற்றதைச் சும்மா விட்டான். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான்.

திரையில் குழந்தையின் மூச்சு ஒரு கோடாக ஏறி இறங்கியது. சின்னச் சின்னதாக, வேகவேகமாக. சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அதற்குக் கீழே இன்னொரு கோடும் ஓடியது.

எதுவும் மாட்டாத பின்னின் கோடு. மெதுவாக, ஆழமாக, பெரிய ஆள் ஒருவர் தூங்குவதுபோல ஏறி இறங்கியது.

டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் மனைவியின் அண்ணனுக்குப் போன் போட்டான். மச்சான் சிரித்தார். சும்மா விட்ட பின், பக்கத்துப் பின்னில் வருவதைப் பிடித்துக்கொண்டு ஆடும், பேயும் இல்லை பிசாசும் இல்லை என்றார்.

"பக்கத்துல வேகமா போகுது மச்சான். இது மெதுவா போகுது."

மச்சானின் சிரிப்பு நின்றது.

"ஒரு வயரை எடுத்து அந்த சும்மா இருக்கற பின்னை கிரவுண்ட் பின்ல, அதான் எர்த்ல, சேத்துடு மாப்ள. அடங்கிடும்."

மழை மூட்டத்தில் அறை மங்கிக் கிடந்தது. வயரைச் சொருகினான்.

இரண்டாவது கோடு படுத்துவிட்டது.

மருந்து வாடையும் சட்டென்று நின்றது.

அடங்கிவிட்டது என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தான். குழந்தையின் கோடு மாறிக்கொண்டிருந்தது.

வேகம் குறைந்தது. ஏற்றங்கள் நீண்டன.

மெதுவாக. ஆழமாக.

ஓடிப்போய்க் குழந்தையை வாரி நெஞ்சோடு அணைத்தான். உள்ளங்கை அகல மார்பு, அதற்குக் கொள்ளாத பெரிய மூச்சை இழுத்து விட்டது. அந்த மூச்சில் மருந்து வாடை அடித்தது.

போனில் மச்சான் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொருகியதால் வந்தது, பிடுங்கினால் போய்விடும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றியது. ஒரு கையால் வயரைப் பிடுங்கி எறிந்தான்.

குழந்தையின் மூச்சு மாறவில்லை. அது கண்ணைத் திறந்து அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தது.

திரையில், காலித் தொட்டிலின் கோடு நேராகக் கிடந்தது.

அதற்குக் கீழே, எதுவும் மாட்டாத பின்னின் கோடு ஏறி இறங்க ஆரம்பித்தது.

சின்னச் சின்னதாக, வேகவேகமாக.

நடுவில் ஒருமுறை நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்க, திரும்ப வந்தது.

அந்தப் போர்டை அவன் இன்றுவரை அணைக்கவில்லை.