வசு என்ற கட்டளை

“உன் பெயர் என்ன?” என்று கம்ப்யூட்டர் கேட்டது.

வசுமதி தன் தங்கையின் பெயரைத் தட்டினாள். “வணக்கம், வரலட்சுமி!” என்று திரை பல்லைக் காட்டிச் சிரித்தது.

மறுநாள் பள்ளியில் கம்ப்யூட்டர் கண்காட்சி. வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லும் இந்த நிரலை எழுதியவன் ஏழாம் வகுப்பு நிதின். மற்றவர்கள் ஆளுக்கொரு சின்னக் கட்டளை எழுதியிருந்தார்கள். அதற்கு அவரவர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பது ஜானகிராமன் சாரின் விதி. ‘ஷ்யாம்’ என்ற கட்டளை கொடுத்தால் காலண்டர் வரும். ‘வசு’ என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ‘படங்கள்’ பெட்டி துடைத்துவிட்டதுபோல் காலியாகிவிடும். பழைய கிறுக்கல்களை அழிக்க வசுமதி எழுதியது அது.

நாளைக்கு அதை ஓட்ட வேண்டாம், எழுதியதைக் காட்டி விளக்கினாலே மதிப்பெண் என்று சார் சொல்லியிருந்தார். ஏனென்றால் இப்போது அந்தப் பெட்டியில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் வரைந்த படங்கள் இருந்தன. அவற்றுக்கு வேறு நகல் கிடையாது.

சதுரங்கப்பட்டினத்தில் வசுமதியின் தெருப் பிள்ளைகள் பெயரைத் தனியாக எழுதவே மாட்டார்கள். சுவரோ படகோ, பிடித்தவர் பெயரையும் சேர்த்து, நடுவே & போட்டுத்தான் எழுதுவார்கள். அதே பழக்கத்தில் அவள் ‘வரலட்சுமி & ஷ்யாம்’ என்று தட்டினாள்.

வணக்கம் வந்தது. கூடவே காலண்டரும் வந்தது!

வசுமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ‘ஷ்யாம்’ என்று மட்டும் தட்டிப் பார்த்தாள். வெறும் வணக்கம். மறுபடி & போட்டாள். மறுபடி காலண்டர். அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பதைக் கம்ப்யூட்டர் பெயராகப் பார்க்கவில்லை. கட்டளையாக எடுத்துக்கொண்டு ஓட்டிவிடுகிறது.

அப்படியானால் யாராவது ‘& வசு’ என்று தட்டினால்? சூடான சட்டியைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

“நிதின், உன் நிரல்ல ஒரு தப்பு கீது. பேர ஆர்டர்னு நெனச்சிக்குது.”

“கீதா?” என்று அவள் பேச்சைக் கேலி செய்து இழுத்தான் நிதின். “எங்கப்பா ஆபீஸ்ல இதே வேலைதான் பார்க்கிறார். அவரே செக் பண்ணிட்டார். உங்க வீட்ல கம்ப்யூட்டர் இருக்கா?”

“இல்ல. ஆனா நீயே தட்டிப் பாரேன்.”

“பேர் கேட்டா பேரைப் போடணும். கண்டதையும் போட்டா அப்படித்தான்.”

அவள் சாரிடம் ஓடிப்போய் நிதினின் நிரலில் தப்பு இருப்பதைச் சொன்னாள். சார் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். “நிதினோடதைத் தொட்டே, நாளைக்கு லேபுக்குள்ளயே விடமாட்டேன்.”

“சார், சின்னப் பிள்ளைங்க படமெல்லாம் பூடும் சார்.”

“ஒருத்தன் நல்லாச் செஞ்சா பொறுக்காதே உங்களுக்கு! அஞ்சு நிமிஷத்துல பூட்டப் போறேன், கிளம்பு.”

அவனுடையதைத் தொடக் கூடாது. அவளுடையதைத் தொடலாம் அல்லவா? அழிக்கும் முன் ‘சரியா?’ என்று கேட்கும்படி மாற்றலாம்தான். ஆனால் சோதித்துப் பார்க்காத மாற்றத்தை நம்புவது எப்படி? சார் சாவியைக் குலுக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

வசுமதி தன் கட்டளையை அழித்தாள். அதை எழுத ஒரு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் அவளுடைய பெயர் அட்டைக்குப் பின்னால் காட்ட ஒன்றுமே இல்லை. “ஒரு மாசமா என்னம்மா பண்ணே?” என்றார் சார்.

“நேத்தே சொன்னேனே சார்...”

“சாக்குச் சொல்லாதே.” மதிப்பெண் தாளில் பூஜ்யம் விழுந்தது.

வாசலில் நிதினைச் சுற்றி ஒரே கூட்டம். ஒன்றாம் வகுப்பு வரலட்சுமி நடுவில் புகுந்து, ஒற்றை விரலால் எழுத்துக்கூட்டித் தட்டினாள்: ‘வரலு & வசு’.

வசுமதி கூட்டத்துக்கு மேலாக எட்டித் திரையைப் பார்த்தாள்.

“வணக்கம், வரலு!” என்றது திரை. அதன் கீழே ஆங்கிலத்தில் இன்னொரு வரி: ‘வசு: அப்படியொரு கட்டளை இல்லை.’

“டேய், கம்ப்யூட்டருக்கே வசு யாருன்னு தெரியலடா!” என்று ஷ்யாம் கத்தினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

நிதின் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வரியை இரண்டு தரம் படித்தான். முகம் வெளுத்தது. வசுமதியைப் பார்த்தான். பிறகு அவசரமாகத் திரையைத் துடைத்துவிட்டு, “குட்டிப்பொண்ணு தப்பாத் தட்டிருச்சு. அடுத்து யாரு?” என்றான். சாயங்காலம் முதல் பரிசுக் கோப்பை அவனுக்குத்தான் போயிற்று.

“அக்கா, உன்ன இல்லன்னு சொல்லுதாம்” என்று கூட்டத்திலிருந்து வெளியே வந்த வரலு உதட்டைப் பிதுக்கினாள்.

“சொல்லினு போவட்டும். வா, உன் படம் இன்னும் வரல.”

பக்கத்துத் திரையில் குழந்தைகளின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சக்கரம் வைத்த படகு. மீசை வைத்த சூரியன். அப்புறம், திரை முழுக்க ஒரு நீலக் காக்கா.

“என்துக்கா! என்து!” என்று வரலு குதித்தாள்.

வசுமதிக்குக் கண் எரிந்தது. ஆனாலும் அந்த அறையிலேயே பலமாகக் கைதட்டியவள் அவள்தான்.